கைதட்டலும் தேநீர்க் குவளையும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடாத நாள் உண்டு. பந்தைத் தொடாத நாள் இல்லை. ஆகவே பந்தின் வழியாகவே சில செய்திகளைச் சொல்ல விழைகின்றோம். ஒரு கூட்டம் ஓர் ஆட்டக்காரனை எப்பொழுது தன்னவன் என்று கொண்டாடுகிறது, எப்பொழுது அவனை அயலவன் என்று தள்ளுகிறது, அதனால் அந்த ஊருக்கு எத்தகைய பெயர் வந்து சேருகிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பாம்பன் என்றதும் வெளியூரார்க்குப் பாலந்தான் நினைவுக்கு வருகிறது. 1914ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பழைய பாலமும், 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்ற புதிய பாலமும் நம் ஊருக்குத் தேடித் தந்த பெயர் அது. மனிதர் மனிதரை நடத்தும் முறையாலும் ஊருக்குப் பெயர் வருவதுண்டு. பூனாவுக்கும் பம்பாய்க்கும் அவ்வாறு வந்த பெயரின் வரலாறு நம்மவர் ஒருவரின் வரலாறும் ஆகும்.

பல்வங்கர் பாலு 1876இல் தார்வாரில் பிறந்தவர். தோல் தொழில் செய்த சாமார் வகுப்பினர். பூனாவில் ஆங்கிலேயரின் ஜிம்கானாவில் புல்தரையைச் செப்பனிடுவதும், வலை கட்டுவதும், வந்தவர்களுக்குப் பந்து வீசுவதும் அவருடைய வேலை. மாதச் சம்பளம் நான்கு ரூபாய். கிரெய்க் என்னும் ஆங்கிலேய ஆட்டக்காரர் பயிற்சிக்காக அவரை மணிக்கணக்கில் பந்து வீச வைத்தார். இடக்கையால் அவர் சுழற்றி வீசிய பந்தின் நுட்பம் அங்கேதான் கூர்மை பெற்றது. ஆனால் மட்டையைப் பிடிக்க அங்கே ஒரு நாளும் அவருக்கு வாய்ப்பளிக்கவில்லை. மட்டை பிடிப்பது எசமானர் வேலை, பந்து வீசுவது கூலியாள் வேலை என்பது அக்காலத்து எண்ணம்.

பூனாவின் இந்துக்கள் வெள்ளையரைத் தோற்கடிக்க விரும்பினர். அதற்குப் பாலு வேண்டும். தீண்டப்படாதவரைச் சேர்த்துக்கொள்வதா என்ற வாதம் எழுந்தது. முடிவில் வெற்றியின் ஆசை வென்றது. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டனர். (அந்தப் பந்தே தோலால் ஆனதுதான், தோலைப் பதனிட்டவன் யாரென்று அவர்கள் கேட்டதில்லை.) ஆட்டத்தின் நடுவே தேநீர் வேளை வந்தால் மற்றவர்க்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கோ, மண்டபத்துக்கு வெளியே, உடைத்து எறிவதற்கென்றே வைத்த மண்குவளை. உணவும் தனியிடத்தில். விக்கெட் விழும்போது கைதட்டிய அதே கைகள்தாம் குவளையையும் பிரித்து வைத்தன என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர்ப் பாலு பம்பாய்க்குச் சென்றார். அங்கே ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், பின்னாளில் முஸ்லிம்கள் என மத வாரியாகவும் இன வாரியாகவும் அணிகள் மோதின. மக்கள் தத்தம் அணிக்கே ஆரவாரம் செய்தனர். 1906இல் பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடிய இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. 1911இல் பாட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற முதல் அனைத்திந்திய அணியில் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இவ்வளவு செய்தவர் இந்து அணிக்குத் தலைவராகத் தகுதியுடையவர் அல்லரோ? ஆண்டுதோறும் அக்கேள்வி எழுந்தது. ஆண்டுதோறும் வேறொருவரே தலைவரானார். அவ்வாறு தலைமை பெற்ற பாய் என்பவரே அது மூத்தவரான பாலுவுக்கு உரியது என்று வெளிப்படையாகச் சொன்னதுண்டு.

1920இல் அணியிலிருந்தே பாலு நீக்கப்பட்டார். அப்பொழுது தம்பியர் சிவராமும் விட்டலும் என்ன செய்தனர் என்பதை இளைஞர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். தங்களுக்கு இடம் இருந்தும் இருவரும் விலகினர். விலகியதோடு நில்லாமல், காரணத்தை அறிக்கையாக ஊரறிய வெளியிட்டனர். ஒருவர் மட்டும் விலகியிருந்தால் நன்றி கெட்டவன் என்று எளிதில் ஒதுக்கியிருப்பர். இருவர் சேர்ந்து, காரணம் சொல்லி விலகியதால் பம்பாய் நகரமே வாதிட நேர்ந்தது. சமரசம் ஏற்பட்டது, பாலு துணைத்தலைவராக அணிக்குத் திரும்பினார். 1923இல் விட்டல் தலைவரானார். அவ்வாண்டுக் கோப்பையும் இந்து அணிக்கே கிடைத்தது. தலைமை தம்பிக்கு வந்தபோது அண்ணனின் ஆட்டக்காலம் முடிந்திருந்தது. இதனை வெற்றி என்பதா, காலம் கடந்த கூலி என்பதா? எமக்கு இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இளம் வயதில் பாலுவைப் பெருமையோடு நோக்கியவர் அண்ணல் அம்பேத்கர். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரை எதிர்த்துக் காங்கிரசின் சார்பில் நின்றவர் அதே பாலு. சுமார் இரண்டாயிரம் வாக்கு வித்தியாசத்தில் அண்ணல் வென்றார். மைதானத்தில் யாருக்குக் கைதட்டுவது, உரிமைக்காக யார் பின்னே நிற்பது என்ற இரண்டையும் நம் மக்கள் அன்றே பிரித்தறிந்தனர். பாலுவை அதற்காகத் தூற்ற வேண்டுவதில்லை.

இத்தகைய செய்தி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பாஸ்டன் என்னும் பெருநகரம் உண்டு. அதன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணி கறுப்பினத்தார்க்குக் கதவைத் திறப்பதில் முன்னே நின்றது. 1950இல் அந்நாட்டுத் தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் முதன்முதலாகக் கறுப்பர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது அவ்வணியே. 1964இல் ஐந்து கறுப்பர்களை ஒருசேரத் தொடக்க ஆட்டக்காரராக இறக்கியதும், 1966இல் பில் ரஸ்ஸல் என்னும் கறுப்பரைப் பயிற்சியாளராக அமர்த்தியதும் அதுவே. ரஸ்ஸல் ஆடிய 13 பருவங்களில் 11 முறை அவ்வணி வாகை சூடியது. அப்படியிருந்தும் உள்ளூர் அரங்கில் பல ஆட்டங்களுக்கு இருக்கைகள் நிறையவில்லை. பெரும்பாலும் வெள்ளையரே ஆடிய பனித்தரை ஹாக்கிக்கோ கூட்டம் அலைமோதியது. ரஸ்ஸல் குடியிருந்த வீட்டினுள் புகுந்து, பரிசுகளை உடைத்து, சுவரில் மலத்தைப் பூசிச் சென்றனர். 1972இல் அவருடைய ஆறாம் எண் சட்டைக்குச் சிறப்புச் செய்தபொழுது, பார்வையாளரை உள்ளே விடுமுன்னரே சடங்கை முடிக்கச் செய்தார் அவர். அந்த ஊராரின் கைதட்டல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பின்னர் 1974இல் வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பர் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் பயில வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டபோது, கறுப்புக் குழந்தைகள் சென்ற பேருந்துகள் மீது அந்நகரில் கல் வீசினர். 1980களில் லாரி பேர்ட் என்னும் வெள்ளை வீரரை முன்னிறுத்திச் செல்டிக்ஸ் மீண்டும் கோப்பைகளை வென்ற காலத்தில், பாஸ்டனிலேயே வாழ்ந்த கறுப்பர் பலர் எதிரணியான லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கு ஆரவாரம் செய்தனர். சொந்த ஊருக்குத் துரோகம் என்று அதனைச் சொல்வார் உண்டு. அவர்தம் பிள்ளைகள் மீது கல் விழுந்த தெருக்கள் எந்த ஊரைச் சேர்ந்தவை என்று அவர்களைத் திருப்பிக் கேட்கலாம். அணியின் நிர்வாகம் நல்லது செய்தும் நகரத்தின் பெயர் கெட்டே இருந்தது. ரஸ்ஸலுக்கு அந்நகரில் சிலை எழுந்தது 2013இல்தான்.

இவை பழங்கதை என்பார்க்கு ஒரு புதுக்கதை. 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக்கில் அவ்வாறு மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவரே. சில நாட்களில் அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. அன்று ஹரித்துவாருக்கு அருகே ரோஷ்னாபாத் ஊரில் அவர் வீட்டின் முன் சிலர் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் மிகுந்ததால்தான் தோல்வி என்று சாதி சொல்லி ஏசினர். தம் நாட்டின் தோல்விக்கே பட்டாசு வெடிக்கும் அளவுக்குச் சாதிப்பற்று நாட்டுப்பற்றை விழுங்கியிருக்கிறது.

சென்னைக் கண்ணகி நகரையும் நினைத்துப் பாருங்கள். நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட மக்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் பல்லாண்டு முறையிட்டனர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதன் துணைத்தலைவி கார்த்திகா கண்ணகி நகரின் பெண். நாளேடுகள் அந்த ஊரின் பெயரை வாழ்த்தோடு அச்சிட்டன. நாளை அதே ஊரிலிருந்து ஒரு பையன் வேலை கேட்டுச் செல்லும்போது அந்த வாழ்த்து அவனுக்கு உதவுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். கபடிப் போட்டிகள் நடக்கும் காலத்தில், நம் தெருப் பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்கள் என்று வெளியூர் அணிகள் அழைத்துச் செல்வது புதிதன்று. போகாதே என்று நாம் தடுக்கவில்லை. ஆட்டம் வளர வேண்டும். ஆனால் புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்: சாப்பாடு எங்கே, யாரோடு ஒரே வரிசையில்? துண்டறிக்கையில் உங்கள் பெயர் அச்சாகுமா? தலைவனைத் தேர்ந்தெடுக்கும்பொழுது உங்கள் பெயரும் எண்ணப்படுமா? விடை சரியில்லையென்றால் ஒருவன் மட்டும் முறைத்துக்கொண்டு திரும்பாதீர்கள். சிவராமும் விட்டலும் செய்ததுபோல் சேர்ந்து, காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக இரவுப் பாடம் நடத்தி வருகிறது.

நம் கழகமும் அடுத்த ஆண்டு முதல் ஒரு கபடிப் போட்டி நடத்தலாம் என்று செயற்குழுவை வேண்டுகின்றோம். எல்லாத் தெரு அணிகளையும் அழைக்கலாம். பந்தலில் ஒரே தண்ணீர்ப் பானை, ஒரே வகைக் குவளை வைக்கலாம். யார் வருகிறார்கள், யார் குடிக்காமல் போகிறார்கள் என்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும்.