கனவுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்

(வண்ணார்பேட்டையில் நடந்த குடும்ப நல நிகழ்ச்சியில் மருந்தாளுநர் ஒருவர் பேசியது)

 

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுவதை நாம் யாரிடமும் மறைப்பதில்லை. மனச்சோர்வுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் பீரோவில் துணிக்கு அடியில் வைக்கிறோம். ஒளித்துச் சாப்பிடுகிறவருக்கு அதனால் ஒரு தொந்தரவு வந்தால் கேட்க ஆள் இல்லை. அப்படி யாரிடமும் கேட்கப்படாமலே போகிற ஒரு தொந்தரவு, கனவு.

எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூவோக்ஸெடின், வென்லாஃபாக்சின், மிர்ட்டசாபின். இந்தப் பெயர்களை டாக்டர் சீட்டில் பார்த்திருப்பீர்கள். இவற்றைத் தொடங்கிய சிலருக்குக் கனவு மிகத் தெளிவாக வரும். மௌத்தானவர்கள் வந்து பேசுவார்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்ணீர் மறுபடியும் வீட்டுக்குள் ஏறும். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் நிஜமாக நடந்ததுபோலவே இருக்கும்.

காரணம் இதுதான். நம் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும், மூடிய இமைக்குள் கண் உருளுகிற ஒரு கட்டம் உண்டு. தெளிவான கனவு அதிகம் வருவது அப்போதுதான். விடியற்காலையில் அந்தக் கட்டம் நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று ஊரில் சொல்கிறார்களே, அந்நேரத்துக் கனவு நினைவில் நிற்பதால் வந்த பேச்சாக இருக்கலாம் என்பது என் எண்ணம். இந்த மாத்திரைகளில் பல அந்தக் கட்டத்தைக் குறைக்கின்றன. தூக்கத்தை இடையிடையே கலைக்கவும் செய்கின்றன. கனவின் நடுவில் விழித்தால் கனவு மறக்காது. பலருக்குச் சில வாரங்களில் இது தணிந்துவிடும். ஆனால் மாத்திரையின் பலன் தெரியவும் இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொந்தரவு முதலில் வருகிறது, பலன் பிறகு வருகிறது. அந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சகோதரி. கணவர் வெளிநாட்டில். உம்மா இறந்தபின் சாப்பாடும் தூக்கமும் போய், டாக்டரைப் பார்த்து மாத்திரை தொடங்கினார். ஒரு வாரத்துக்குள் கனவில் உம்மா வாசலில் நின்று கூப்பிடுகிறார். "மௌத்தானவங்க கூப்பிட்டா நல்லதுக்கில்ல" என்றார் வீட்டில் ஒருவர். மாத்திரை நின்றது. சிலநாள் ஆனதும் தலைசுற்றல், எரிச்சல், முன்னைவிட மோசமான கனவுகள். ஜின் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் நடந்தது என்ன? திடீரென்று நிறுத்தியதும், அதுவரை அடங்கியிருந்த அந்தக் கனவுக் கட்டம் பெருக்கெடுத்துத் திரும்பியது. வென்லாஃபாக்சின், பராக்ஸெடின் போன்றவை உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும். அவற்றில் ஒன்றிரண்டு வேளை தவறினாலே சிலருக்கு இது தெரியும்.

கனவு மூன்று வகை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி, ஷைத்தானின் பயமுறுத்தல், மனம் தனக்குத்தானே பேசிக்கொள்வது. எல்லாக் கனவையும் சகுனமாக்கிக்கொள்ள அதில் இடமில்லை. கெட்ட கனவு கண்டால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, இடப்பக்கம் மூன்று முறை லேசாகத் துப்பி, மறுபக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். டாக்டரிடம் நாம் பலன் கேட்கப் போவதில்லை. "இந்த மாத்திரை தொடங்கியதிலிருந்து பயங்கரக் கனவு வருகிறது, தூக்கம் கெடுகிறது" என்றால் போதும். கனவில் யார் வந்தார் என்று சொல்லவே வேண்டியதில்லை.

ஓதிப் பார்ப்பவர்கள் ஓதட்டும், மாத்திரையும் தொடரட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். பிற்பாடு, தர்காவுக்கு வருகிறவர்களை அங்கேயே மனநல மருத்துவர்கள் பார்க்க அரசு ஏற்பாடு செய்தது. அதற்கு 'தவா-துவா' என்றே பெயர்.

டாக்டர் என்ன செய்வார்? இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து தரலாம். நிறுத்துவதானாலும் படிப்படியாகக் குறைப்பார். போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். படபடப்புக்குத் தரும் ப்ரொப்ரனோலால், ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் தரும் மாண்டிலுகாஸ்ட் இவையும் சிலருக்குக் கெட்ட கனவு தரும். தூக்கத்தில் கத்தி, கை கால் வீசி, கட்டிலிலிருந்து விழுகிறாரா? அதை அவரே அறியமாட்டார். பக்கத்தில் படுப்பவர்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. பகலிலும் செத்துப் போகலாம் என்ற நினைப்பு வந்தால், குறிப்பாக 25 வயதுக்குக் கீழுள்ளவர் மாத்திரை தொடங்கிய புதிதில் அப்படிப் பேசினால், அன்றே ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நோன்பு மாதத்தில் காலை மாத்திரையை என்ன செய்வது என்று பலர் கேட்கிறீர்கள். ஸஹரிலா இஃப்தாருக்குப் பிறகா என்பது மருந்துக்கு மருந்து மாறும். பிறை பார்த்த பிறகு ஓடாமல், ஷஃபான் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். மற்றக் கேள்விகளைச் சீட்டில் எழுதி அனுப்பலாம், பெயர் எழுத வேண்டாம்.