காலண்டர் சாமி



கோயில் கலை என்று தலைப்புக் கொடுத்தார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனியில் தொடங்குவேன் என்று காத்திருக்கிறீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் காலண்டர் சாமியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதை இந்தக் கோவில்பட்டியில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

அந்தச் சாமிகளை வரைந்த கொண்டையராஜு 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போய்ப் படுதாவில் தர்பாரும் காடும் கைலாசமும் எழுதினார். 1940களில் கம்பெனி கலைந்தது. அவர் இங்கேயே தங்கிவிட்டார். சீடர்கள் சேர்ந்தார்கள். படங்களை அச்சடிக்கப் பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள்.

அவருடைய தெய்வப் படங்களை உற்றுப் பாருங்கள். பின்னால் தூண், திரைச்சீலை. சாமி நேராக நம்மைப் பார்த்து நிற்கும். மேடையில் நிற்கிற நடிகர் சபைக்கு முதுகு காட்டமாட்டார் அல்லவா? சீன் எழுதிய கைக்கு அது தெரியும். எந்த மூலையில் மாட்டினாலும் கும்பிடுகிறவருக்குத் தரிசனம் கிடைத்துவிடுகிறது. கன்னம் மட்டும் எல்லாச் சாமிக்கும் ஒரே கொழுகொழுதான், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்!

ரசனை தெரிந்தவர்கள் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைய உரிமை கேட்டு நாடார்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள், 1908இல் தோற்றார்கள். சிவகாசியில் 1899இல் கோயில் நுழைவுக்காகவே கலவரம் நடந்தது. மதுரை மீனாட்சி கோயிலில் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டவர்களையும் நாடார்களையும் அழைத்துப்போனது 1939 ஜூலையில். அதுவரை எத்தனை தலைமுறை கோபுரத்தை மட்டும் கும்பிட்டுத் திரும்பியது! வாசலில் நிறுத்தப்பட்ட அதே நாடார் சமூகத்தார் சிவகாசியில் அச்சகம் நடத்தினார்கள். அங்கிருந்து மீனாட்சி புறப்பட்டாள். சைக்கிள் கடைக்குள், குடிசைக்குள், டீக்கடைக் கல்லாவுக்கு மேலே வந்து உட்கார்ந்தாள். யாரிடம் அனுமதி கேட்டாள்?

ரவிவர்மா 1894இலேயே பம்பாயில் அச்சுக்கூடம் வைத்துத் தெய்வங்களைக் கல்லச்சில் அடித்தார். அவை காசு கொடுத்து வாங்க வேண்டிய படங்கள். நம் காலண்டர் முருகனோ ஜவுளிக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த முருகன். காலடியில் கடை விலாசம், அதற்குக் கீழே ராகுகாலம், எமகண்டம். டிசம்பர் முடிந்தால் தேதித்தாள் போய்விடும். சாமியைத் தூக்கிப் போட எந்த அம்மாவுக்கு மனசு வரும்? அட்டையை வெட்டிச் சட்டம் போட்டு, கண்ணாடியின் மேல் குங்குமம் வைத்துவிடுவார்கள். அன்றைக்கே அது பூசைப்படம்.

கொண்டையராஜு 1976இல் காலமானார். பழைய அச்சுப் படங்கள் கரையான் அரித்து, அரசமரத்தடியில் மழையில் நனைந்து போய்க்கொண்டிருக்கின்றன. நகராட்சித் தலைவர் முன்வரிசையில் இருக்கிறார்கள். இந்த ஊரில் ஓர் அறை ஒதுக்குங்கள் ஐயா, போதும். தாய்மார்களே, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய படம் எதையாவது கழற்றினால், கீழ் மூலையில் அவர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். வந்து வாங்கிக்கொள்கிறோம்.