நோய் தணிந்த பின்னும் தொண்டு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வள்ளுவப் பெருந்தகையார் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, வைத்தியர், மருந்து என்பன மூன்று. அருகிருந்து பணிசெய்பவர் நான்காமவர். முதல் மூன்றையும் நாம் நன்கு அறிவோம். அந்த நான்காமவர் யார்? அவருடைய பணி எப்போது முடிகிறது? இவ்விரு வினாக்களையுமே இன்று சிந்திக்க எடுத்துக்கொண்டோம்.

நம் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். ஒருவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே கிடக்கிறார் என்றால் கோயிலிலே அருச்சனை செய்கிறோம், நேர்த்தி வைக்கிறோம், தோடம்பழமும் கையுமாக வருத்தம் பார்க்கப் போகிறோம். அவர் வீடு திரும்பிய அன்றோடு நம் கடமை தீர்ந்ததென்று எண்ணிவிடுகிறோம். உண்மையிலே அன்றுதான் அவருடைய இரண்டாவது போராட்டம் தொடங்குகிறது.

அதிதீவிர சிகிச்சை பிறந்த கதையே வாலிபர்களின் தொண்டுக் கதையாகும். 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனிலே இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சு நின்று மாண்டவர் பலர். பியோர்ன் இப்சன் என்னும் டாக்டர், தொண்டையிலே குழாயிட்டு, பையொன்றைக் கையால் அமுக்கிக் காற்றூட்டும் வழியைக் காட்டினார். நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் அப்பையை அமுக்கினார்கள். மாண்டிருக்க வேண்டிய பலர் பிழைத்தனர்.

அன்றுதொட்டு உயிரைக் காக்கும் வித்தை வளர்ந்தது. பிழைத்தவர் பின்பு எப்படி வாழ்கிறார் என்ற கேள்வியோ பிந்தியே எழுந்தது. நுரையீரல் கடுமையாகப் பழுதுற்றுப் பிழைத்தவர்களைக் கனடா நாட்டு டொறொன்ரோ வைத்தியர்கள் ஓராண்டு தொடர்ந்து கவனித்து, 2003ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். அந்நோயாளர் தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியேறும்போதே சராசரியாகத் தம் உடல் நிறையில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கை இழந்திருந்தனர். நுரையீரல் பெரும்பாலும் தேறிய பின்னும் தசைத்தளர்ச்சி நீங்கவில்லை. ஓராண்டின் பின் ஏறக்குறையப் பாதிப்பேரே வேலைக்குத் திரும்பியிருந்தனர்.

உடல் மட்டுமா தளர்கிறது? மறதி, உறக்கமின்மை, பயங்கரக் கனவு, மனச்சோர்வு ஆகியனவும் தொடரலாம். நோயின் வேகத்திலும் மயக்க மருந்திலும் கண்ட மாயக் காட்சிகளைச் சிலர் மெய்யென்றே நினைந்து நடுங்குவர். அயலவர் இதைப் பேய்க்குற்றம் என்பர். இத்தொல்லைகளின் தொகுதிக்கு 2012இலே வைத்தியர்கள் தனிப்பெயரே இட்டுவிட்டார்கள். பராமரிக்கும் குடும்பத்தவரும் இவ்வாறு துன்புறலாம் என்றும் கூறினார்கள்.

நம் அயலிலே ஒரு பெரியவர் இவ்வாறு மீண்டுவந்தார். நாற்காலியை விட்டு எழமாட்டார். கேட்டதையே திரும்பக் கேட்பார். “சுகம் வந்தும் சோம்பல் போகவில்லை” என்று பேசினோம். அவர் காதிலும் அது விழுந்தது. அதன்பின் அவர் படலைப் பக்கமே வரவில்லை. அன்று அவருக்கு வேண்டியிருந்தது பிடித்து நடக்க ஒரு கை; நாம் கொடுத்ததோ ஒரு சொல். அந்தக் குற்றத்தை இச்சபையிலே ஒப்புக்கொள்கிறோம்.

ஆதலின், வாலிப அன்பர்களே, நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வீடு திரும்பிய ஒவ்வொருவருக்கும் நம் சங்கத்திலே இருவர் பொறுப்பேற்கட்டும். கிளினிக் நாளை மறவாது, கொப்பியோடும் மருந்துகளோடும் அழைத்துச் செல்லட்டும். இங்கிலாந்திலே 2009இல் வகுத்த நெறிமுறை, இத்தகைய நோயாளரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியேறிய இரண்டு மூன்று மாதங்களின் பின் மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. எனவே நம் பொறுப்பு மூன்று மாதத்துக்காவது நீடிக்கட்டும். வைத்தியர் சொன்ன அளவிலே முற்றம்வரை, பின் படலைவரை, பின் கோயில்வரை நடத்திச் செல்லட்டும். பத்திரிகை வாசித்துக் காட்டட்டும். நடந்ததைப் பொறுமையோடு எடுத்துச் சொல்லட்டும். காய்ச்சலோ மூச்சுவாங்கலோ திடீர்த் தடுமாற்றமோ கண்டால், தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லட்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வைத்தியர் விதிக்காத பத்தியத்தை நீங்கள் விதிக்கவேண்டாம். கரைந்த தசை மீள வளர நல்லுணவு வேண்டும். வைத்தியர் தடுக்காவிடில் பயறு, பருப்பு, உழுந்து, பால், தயிர் என்பவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். பகலிரவாய்ப் பணிசெய்யும் நீங்களும் சிறிது ஓய்வெடுங்கள். அவ்வேளையிலே நோயாளியின் அருகிருக்க இப்பிள்ளைகள் வருவார்கள்.

சூலைநோயால் வாடிவந்த தம்பியாரைத் திலகவதியார் கடிந்து ஒதுக்கினாரா? திருநீறு கொடுத்து, தம்மோடு திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அத்தம்பியாரே பின்பு நமக்கு அப்பரடிகளாய் விளங்கினார். துணைசெய்யும் ஒருவர் உடன்வந்தால் தளர்ந்தவர் எழுவார்.

மூன்று மாதப் பொறுப்பேற்க விரும்பும் அன்பர்கள், கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் தம் பெயரைக் கொடுக்குமாறு வேண்டுகிறோம். அந்தப் பெரியவரின் வீட்டுக்கு நாளைக் காலை நாமே முதலிற் செல்கிறோம். திருவருள் துணைசெய்க.