கேட்ட தாயும் அறிந்த தாயும்

(காஞ்சிபுரத்தில் நடைபெற்ற தாய்மொழி நாள் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

"மக்கள் வளரக் காணும் தாயின் பெருமிதம்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இத்தலைப்பில் உள்ள பெருமிதம் என்னும் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். செருக்கு வேறு, பெருமிதம் வேறு. தன்னை மிகுத்து எண்ணுவது செருக்கு. தகுதி கண்டு நெஞ்சம் நிமிர்வது பெருமிதம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகப் பெருமிதத்தை வைத்தார். அது பிறக்கும் களங்கள் கல்வியும் தறுகண்மையும் புகழும் கொடையும் என நான்காக வகுத்தார். பொருட்செல்வம் அந்நான்கனுள் இல்லை. பிறந்த குடியும் இல்லை. தமிழன் எதனால் நிமிரவேண்டும் என்பதை அவ்வளவு பழங்காலத்திலேயே வரையறுத்துவிட்டார்கள். இந்நான்கையும் தம் மக்களிடத்தே கண்ட தாயரைத் தமிழ் வரலாற்றிலிருந்து காட்டி, இன்று நம் தாய்மார்க்கு நேர்ந்துள்ள ஒரு குறையை உங்கள்முன் வைப்பதே என் நோக்கம்.

முதலில் தறுகண்மை. புறநானூற்றிலே பொன்முடியார் என்னும் பெண்பாற்புலவர், பெற்று வளர்த்தல் தன் கடன் என்றும், மகனைச் சான்றோனாக்குதல் தந்தையின் கடன் என்றும் ஒரு தாயின் வாய்மொழியாகப் பாடினார். மகன் எங்கே எனக் கேட்டவர்க்குத் தன் வயிற்றைப் புலி கிடந்து அகன்ற குகையாகக் காட்டினாள் ஒருத்தி. அதனைப் பாடியவர் காவற்பெண்டு. யானையைக் கொன்று தானும் மாண்டான் மகன் என்று கேட்ட முதியவள் அவனைப் பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்ந்தாள் என்றார் பூங்கண் உத்திரையார். மகன் புறமுதுகிட்டான் என்று பலர் கூறக் கேட்டுக் கொதித்தெழுந்து, போர்க்களம் சென்று, பிணங்களைப் புரட்டிப் பார்த்து, சிதைந்து வேறாகிக் கிடந்த மகனைக் கண்டு மகிழ்ந்த தாயைப் பாடினார் காக்கைபாடினியார் நச்செள்ளையார்.

இந்த இறுதித் தாயைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிறர் சொல்லக் கேட்டாள். ஆனால் கேட்டதோடு நின்றாளில்லை. தானே சென்றாள், தன் கண்ணாற் கண்டாள், ஊரார் சொன்னது பொய் என்று தானே தீர்ப்பளித்தாள். இப்பாட்டுகளைப் பாடியவர் அனைவரும் பெண்கள் என்பதையும் மறவாதீர்கள். பிள்ளையின் தகுதியை அளந்தறியும் கோல் அன்று தாயின் கையிலேயே இருந்தது.

அடுத்துக் கொடை. அதற்குச் சான்று நம் காஞ்சி மாநகரமே. மணிமேகலையை ஆடல்மகளிர் குடித்தொழிலில் ஈடுபடுத்திப் பொருளும் பெயரும் பெறவேண்டும் என்பது பாட்டி சித்திராபதியின் ஆசை. தாய் மாதவியோ, இவள் கற்பரசி கண்ணகியின் மகள். தவநெறிக்கே உரியவள் என்று மறுத்துரைத்தாள். பிள்ளையை வைத்துப் பெருமை தேடுவது ஒன்று. பிள்ளையே பெருமை எய்த வழிவிடுவது மற்றொன்று. மணிமேகலை வஞ்சியிலே பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்டறிந்து, பசியால் வாடிய காஞ்சிக்கு வந்து, அமுதசுரபி ஏந்தி வந்தவர்க்கெல்லாம் உணவளித்தாள். அறவண அடிகளோடு மாதவியும் சுதமதியும் அவளை அடைந்தது இவ்வூரிலேதான். ஊர்ப் பசியைத் தன் மகள் தீர்க்கக் கண்ட தாய் ஒருத்தி நின்ற மண் இது.

மூன்றாவது கல்வி. திருக்குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு. தன் மகனைச் சான்றோன் எனப் பிறர் கூறக் கேட்ட தாய், பெற்ற பொழுதினும் பெரிதாக மகிழ்வாள் என்கிறார் வள்ளுவர். புறநானூற்றுத் தாய்க்கும் வள்ளுவர் காட்டும் தாய்க்கும் மகிழ்ச்சி ஒன்றே. களம் மட்டும் வேறு. அங்கே சான்றோன் என்பது போர்மறவனைக் குறித்தது. இங்கே அறிவாலும் பண்பாலும் நிறைந்தவனைக் குறிக்கிறது. மகன் மாண்டு கிடக்கக் கண்ட மகிழ்ச்சியை, மகன் வாழ்ந்து சிறக்கக் காணும் மகிழ்ச்சியாக மாற்றிய பெருமை வள்ளுவர்க்கு உரியது. மகன் என்றது மகளுக்கும் ஒக்கும்.

இக்குறளுக்கு உரை கண்டவருள் ஒருவர் பரிமேலழகர். அவர் நம் காஞ்சியில், உலகளந்த பெருமாள் கோயிலைச் சார்ந்து வாழ்ந்தவர் என்பது மரபு. அவருடைய புலமையை நான் மதிக்கிறேன். ஆனால் இவ்விடத்தில் அவர் எழுதியதை ஏற்கமாட்டேன். தாய் ஏன் பிறர் கூறக் கேட்டாள்? பெண்ணின் இயல்பினால் அவள் தானாக அறியமாட்டாள். அதனாற் கேட்டாள் என்று அவர் பொருள் விரித்தார். வள்ளுவர் சொல்லாத ஒன்றை வள்ளுவர்மேல் ஏற்றிய உரை இது. தமிழறிஞர் பலர் இதனை மறுத்துள்ளனர்.

அப்படியானால் குறளின் பொருள் என்ன? தாய் முன்னமே அறிவாள். ஆயினும் தாய் புகழ்ந்தால், அன்பினாற் சொல்கிறாள் என உலகம் தள்ளிவிடும். உறவில்லாத பிறர் சான்று பகரும்போது அவள் அறிந்தது உறுதி பெறுகிறது. அந்த உறுதியே மகிழ்ச்சியைப் பெருக்குகிறது. அறியாமல் கேட்டவள் அல்லள் அவள். அறிந்ததையே பிறர் வாயிலும் கேட்டவள். பெண் தானாக அறியமாட்டாள் என்றால், பொன்முடியாரும் நச்செள்ளையாரும் யார்? தொண்டைமானிடம் அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார் யார்? அண்மைக் காலத்தையே பாருங்கள். 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் நெறியை மேற்கொண்டபோது, அதற்குத் துணைநின்றவர் அவர் மகள் நீலாம்பிகை அம்மையார். அந்த அம்மையாரே 1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கட்டாய இந்தியை எதிர்த்து அடுத்த நாளே பெண்கள் மறியலில் இறங்கினர். கைக்குழந்தையோடு சிறை புகுந்த தாயரும் அவர்களுள் இருந்தனர். மொழியின் அருமையை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தாமே அறிந்திருந்தார்கள்.

நான்காவது புகழ். காஞ்சியில் 1909 செப்டம்பர் 15ஆம் நாள் நடராசனார்க்கும் பங்காரு அம்மையார்க்கும் ஒரு மகன் பிறந்தான். சிற்றன்னை இராசாமணி அம்மையார் அவனைக் கண்ணுங் கருத்துமாக வளர்த்தார். அவரை அம்மகன் தொத்தா என்றழைத்தான். இவ்வூர்ப் பச்சையப்பன் பள்ளியிற் பயின்று, நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தராக இருந்து, பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் கற்றுத் தேறிய அவரே பேரறிஞர் அண்ணா. 1942ஆம் ஆண்டில் 'திராவிட நாடு' இதழை இவ்வூரிலிருந்தே தொடங்கினார். 1967 மார்ச்சு 6ஆம் நாள் முதலமைச்சரானார். அவ்வாண்டு சூலை 18ஆம் நாள், இம்மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்பெயருக்காகவே உண்ணாநோன்பிருந்து 1956ஆம் ஆண்டில் உயிர்நீத்த சங்கரலிங்கனாரின் கனவு, 1969 சனவரி 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தாய் மகனுக்குப் பெயரிடுவது உலக வழக்கு. தாய்மண்ணுக்கு அதன் உண்மைப் பெயரை மீட்டுத் தந்தவர் இந்தக் காஞ்சித் தாயின் மகன்.

அண்ணா ஆங்கிலம் அறியாதவரா? 1962ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினராகி, அங்கே ஆங்கிலத்தில் பேசி அவையைக் கவர்ந்தவர் அவர். ஆனால் தம் மக்களிடம் பேசும்போது தமிழிற் பேசினார். பொருளியலையும் உலக வரலாற்றையும் தமிழிலேயே எடுத்துரைத்தார். அதனால் அவர் கல்லூரியிற் கற்ற கல்வி, கல்லூரி வாயிலையே மிதியாத தாய்மார்க்கும் எட்டியது. மேடைக்கு முன்னே மண்ணில் அமர்ந்திருந்த நெசவாளர் வீட்டுப் பெண், அவர் பேச்சை ஊரார் புகழ்வதால் மட்டும் மகிழவில்லை. சொல்லுக்குச் சொல் விளங்கி மகிழ்ந்தாள். கேட்டாள், அறிந்தும் இருந்தாள்.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன்.

நம் ஊர்ப் பட்டுக்குக் கோர்வை சிறப்பு. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக, தனித்தனி நாடா ஓட்டி, ஊடை இழைகளை ஒன்றோடொன்று கோத்து நெய்வார்கள். அதற்கு இருவர் வேண்டும். தறிக்குழியில் நெசவாளர் அமர்ந்திருக்க, மறுபக்கத்திலிருந்து கரைநாடாவைத் தள்ளித் தருபவர் ஒருவர் இருப்பார். நெடுங்காலம் அந்த மறுபக்கத்தில் அமர்ந்தவர்கள் பிள்ளைகள். அவர்கள் பள்ளி முகம் காணாது போனார்கள். அந்தக் கொடுமை குறைந்தது நன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு அகவை முதல் பதினான்கு அகவை வரையுள்ள எல்லாப் பிள்ளைகட்கும் பள்ளிக் கல்வியை உரிமையாக்கியது. பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளையார்பாளையத்துத் தாய்மார்க்கு இவ்வவை கைகூப்ப வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். பிள்ளை தறியருகே இருந்தபோது அவன் வேலையின் நன்மை தீமையைத் தாய் அறிந்தாள். ஊடை தளர்ந்ததா, கரை விலகியதா என்று பார்த்த அளவில் சொன்னாள். பள்ளிக்குச் சென்றபின் அவன் கற்கும் கல்வியின் நன்மை தீமையை அதே தாய் அறிகிறாளா? ஆங்கிலவழிப் பள்ளியிற் படிக்கும் பிள்ளையின் நூலை அவள் விரித்துப் பார்க்கிறாள், ஒன்றும் விளங்கவில்லை. மூடி வைத்துவிட்டு, "மதிப்பெண் எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறாள். பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஆங்கிலப் பாட்டைக் கேட்டு, பொருள் தெரியாமலே பூரிக்கிறாள். 'அம்மா' என்ற சொல்லே 'மம்மி' ஆகிவிட்டதையும் பெருமையாக ஏற்றுக்கொள்கிறாள்.

பெண் தானாக அறியமாட்டாள் என்று பரிமேலழகர் எழுதியது அன்று பொய். இன்று நாமே அதனை மெய்யாக்கிக்கொண்டிருக்கிறோம்! தாய்க்கு விளங்காத மொழியில் பிள்ளைக்குக் கல்வி தந்து, பிள்ளையின் அறிவுக்கும் தாயின் அறிவுக்கும் நடுவே சுவர் எழுப்பிவிட்டோம். அவள் இனிப் பிறர் கூறக் கேட்டே தீரவேண்டும். இதைவிடத் தாய்க்கு இழைக்கும் இழிவு வேறுண்டா?

என் ஆசிரியப் பணியிற் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்வழி வகுப்பு மாணவி ஒருத்தி நெசவைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். பெற்றோர் கூடிய நாளில் அதனை உரக்கப் படித்தாள். "கரையையும் உடலையும் இணைத்துத் தைப்பார்கள்" என்று ஒரு தொடர் வந்தது. பின்வரிசையில் இருந்த அவள் தாய் எழுந்து, "ஐயா, தைக்கிறது இல்லீங்க, கோக்கிறது" என்றார். எத்தனை நூல் படித்தும் நான் அறியாத நுட்பத்தை அந்த அம்மையார் அடுத்த சில மணித்துளிகளில் எங்களுக்கு விளக்கினார். மகள் அங்கேயே திருத்தி எழுதினாள். அக்கட்டுரை ஆங்கிலத்தில் இருந்திருந்தால், பிழையும் நின்றிருக்கும். அந்தத் தாயும் வாய்பேசாது அமர்ந்திருப்பார்.

தாய்மார்மேல் நான் குற்றஞ் சாற்றவில்லை. தாலிப்பொன்னை அடகு வைத்தும் ஆங்கிலவழிக்குப் பணம் கட்டுகிறாள் என்றால், அது பிள்ளைமேல் வைத்த அன்பு. ஆங்கிலம் இல்லையேல் அலுவல் இல்லை என்று அவளை அஞ்சவைத்த அமைப்பே குற்றவாளி. 2006ஆம் ஆண்டில் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. 2010ஆம் ஆண்டில் தமிழ்வழி பயின்றோர்க்கு அரசுப்பணிகளில் நூற்றுக்கு 20 இடம் ஒதுக்கும் சட்டமும் வந்தது. அண்ணா பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டில் பொறியியற் பாடங்கள் சில தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. பின்னர் 2013ஆம் ஆண்டளவில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்தால் தாய் எதனை நம்புவாள்?

இன்று நாம் கூடியுள்ள பிப்பிரவரி 21ஆம் நாள், 1952ஆம் ஆண்டில் தாக்கா நகரில் வங்கமொழிக்காக உயிர்நீத்த இளைஞர்களின் நினைவு நாள். யுனெசுகோ அமைப்பு 1999ஆம் ஆண்டில் இதனை உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. தாய்மொழி என்ற சொல்லிலே தாய் இருக்கிறாள். தாய் அறியாத கல்வியை வைத்துக்கொண்டு தாய்மொழி நாள் கொண்டாடுவதில் பொருளில்லை.

ஆகவே, வீட்டிற்கு நான்கு வேண்டுகோள் வைக்கிறேன். பிள்ளைகளைத் தமிழ்வழியிற் சேருங்கள்; ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்கட்டும். எவ்வழியிற் பயின்றாலும், அன்றன்று கற்றதை அன்றிரவே தாயிடம் தமிழில் எடுத்துச் சொல்லும் வழக்கத்தைப் பிள்ளைக்கு உண்டாக்குங்கள். தாய்க்கு விளங்கச் சொல்ல முடியவில்லை என்றால், பிள்ளைக்கே அது விளங்கவில்லை என்று பொருள். பாவு, ஊடை, தார், நாடா, கோர்வை என்று தாயும் பாட்டியும் வழங்கும் தொழிற்சொற்களைப் பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்கட்டும். அவை எந்த அகரமுதலியிலும் முழுமையாக இல்லாத செல்வம். நான்காவதாக, அம்மாவை அம்மா என்றே அழைக்கட்டும்.

தாய்மாரே! உங்கள் பிள்ளை சான்றோன் என்று நாளை ஊர் சொல்லும். அதனைக் கேட்டு நீங்கள் மகிழ்வீர்கள். ஆனால் ஊர் சொல்வதற்கு முன்னரே அதனை அறிந்தவர்களாக நீங்கள் இருக்கவேண்டும். பிள்ளையின் முதல் ஆய்வாளர் தாயே. அந்த உரிமையை எந்தப் பள்ளிக்கும், எந்த மொழிக்கும், எந்த உரையாசிரியர்க்கும் விட்டுக்கொடாதீர்கள்.