நாட்காட்டியில் இல்லாத நாட்கள்

பிப்ரவரி மாதம் 30-ஆம் தேதி என்று யாரேனும் சொன்னால் நாம் நகைப்போம். அப்படி ஒரு நாள் இல்லை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் 1712-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மக்கள் அந்த நாளில் உண்டு, உறங்கி, கொடுக்கல் வாங்கல் செய்து வாழ்ந்தார்கள்.

உலகத்தில் வியப்புக்குரிய செய்திகளுக்குக் குறைவில்லை. மலையின் உயரத்தையும் திமிங்கிலத்தின் எடையையும் கேட்டு வியக்கிறோம், மறுநாளே மறந்துவிடுகிறோம். நாட்காட்டியைப் பற்றிய விந்தைகளை மட்டும் நம்மால் அவ்வாறு மறக்க இயலவில்லை. தேதிகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வது நம் தொழிலில் ஒரு பகுதி. அதனால் பிறந்த பற்று இது. பற்று மட்டும் அன்று, சிறிது அச்சமும் உண்டு. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

குழப்பத்துக்கு வித்து சில நிமிஷங்களே. பருவங்கள் ஒரு சுற்று முடிந்து மீண்டும் வருவதற்கு 365 நாள், 5 மணி, 48 நிமிஷம், ஏறத்தாழ 46 விநாடி ஆகிறது. ஜூலியஸ் சீசர் அமைத்த நாட்காட்டியோ ஆண்டை 365¼ நாள் என்று கொண்டது. வேற்றுமை 11 நிமிஷத்துக்குச் சற்று மேல். ஆனால் அது சேர்ந்து சேர்ந்து 128 ஆண்டில் ஒரு முழு நாளாகிவிடும். பதினாறாம் நூற்றாண்டுக்குள் பத்து நாள் பிழை சேர்ந்துவிட்டது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி அதைத் திருத்த முற்பட்டார். அவர் ஆணைப்படி 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை ஆயிற்று. கிழமை தவறவில்லை, தேதிதான் தாவியது. ஸ்பெயின் தேசத்தில் அவிலா நகரத்துத் தெரேசா அம்மையார் அந்த இரவில்தான் உயிர் நீத்தார். மறுநாள் அடக்கம் செய்தார்கள்; தேதியோ அக்டோபர் 15. அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15-இல்தான் கொண்டாடப்படுகிறது.

போப்பின் சொல்லை ஏற்காத நாடுகள் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருந்தன. சுவீடன் மட்டும் ஒரு நடுவழியைக் கண்டது. ஒரே நாளில் தாவுவானேன்? 1700 முதல் நாற்பது ஆண்டு லீப் வருஷத்து மிகுநாளை விட்டுக்கொண்டே வந்தால் யாருக்கும் வலிக்காமல் கணக்கு நேராகிவிடும் என்று எண்ணினார்கள். 1700-இல் விட்டார்கள். உடனே ரஷியாவோடு பெரும்போர் மூண்டது. 1704-இலும் 1708-இலும் மிகுநாளை விட மறந்தார்கள். முடிவில் சுவீடனின் தேதி பழைய கணக்கோடும் பொருந்தவில்லை, புதிய கணக்கோடும் பொருந்தவில்லை. போதும் இந்தத் தொல்லை என்று, விட்டுப்போன ஒரு நாளை 1712 பிப்ரவரியில் சேர்த்துப் பழைய கணக்குக்கே திரும்பினார்கள். அவ்வாண்டு லீப் வருஷம் ஆதலால் அந்த மாதத்துக்கு முப்பது நாள் அமைந்தது. பிறகு 1753-இல் எல்லாரையும் போல ஒரே தாவாகத் தாவினார்கள்.

இங்கிலாந்து தாவியது 1752-இல். செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14, வியாழக்கிழமை. “எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடுங்கள்” என்று மக்கள் தெருவில் கலகம் செய்தார்கள் என்னும் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். நல்ல கதைதான்; ஆனால் அப்படிக் கலகம் நடந்ததற்குத் தக்க சான்று இல்லை என்பதே ஆராய்ந்தோர் முடிவு. ஹோகார்த் என்னும் ஓவியர் தேர்தல் விருந்து ஒன்றை எள்ளி வரைந்த படத்தில் அந்த வாசகம் ஒரு பலகையில் காணப்படுகிறது. படத்திலிருந்த பலகையைப் பின்வந்தோர் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டனர் போலும்!

மக்கள் பெருங்கலகம் செய்யாமல் இருந்ததற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. வாடகை கொடுக்க வேண்டிய நாள், ஒப்பந்தம் முடியும் நாள், ஒருவர் 21 வயது நிரம்பிச் சொத்துக்கு உரியவராகும் நாள், தொழில் பயிலும் சிறுவன் ஆசானிடமிருந்து விடுபடும் நாள் ஆகிய இவை எவையும் பதினொரு நாள் முன்கூட்டி வாரா என்று அச்சட்டம் விதித்தது. காகிதத்தில் தேதி தாவலாம். வாடகைக்காரன் வாழாத நாளுக்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை. சட்டம் எழுதியவர்கள் வானநூலை மட்டும் அல்லாமல் மடிச்சீலையையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னர் இந்தப் பதினொரு நாள் வேற்றுமை நம் சோழமண்டலக் கரையிலும் இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் புதிய கணக்கைக் கையாண்டனர். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பழைய கணக்கைக் கையாண்டனர். 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினான். தோற்றவர் ஏட்டில் அது செப்டம்பர் 10. வென்றவர் ஏட்டில் செப்டம்பர் 21. இரண்டு ஊர்களுக்கும் இடையே தொலைவு ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருஷத்தையும் மாதத்தையும் தேதியையும் சேர்த்தே குறித்தார். ஆதலால் அவர் ஏட்டைப் படிப்போருக்கு இந்த ஐயம் எழுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் கும்பிட வேண்டிய வழக்கம் அது!

இவையெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டா. பசிபிக் பெருங்கடலின் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு செல்கிறது. அதன் ஒரு பக்கம் வெள்ளிக்கிழமை என்றால் மறுபக்கம் சனிக்கிழமை. கோட்டின் எந்தப் பக்கம் இருப்பது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்கிறது. சமோவா தீவு 1892-இல் அமெரிக்க வாணிபத்தை எண்ணிக் கிழக்குப் பக்கம் சேர்ந்தது. அதற்காக ஜூலை 4-ஆம் தேதியை இரண்டு முறை கொண்டாடியது. பின்னர் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வாணிபம் பெருகியது. அங்கே திங்கட்கிழமை கடை திறக்கும்போது இங்கே ஞாயிற்றுக்கிழமை வழிபாடு. ஆகவே 2011-இல் மறுபடியும் மேற்குப் பக்கம் மாறியது. அவ்வாண்டு டிசம்பர் 29, வியாழக்கிழமை இரவு உறங்கியவர்கள் டிசம்பர் 31, சனிக்கிழமை கண்விழித்தார்கள். இல்லாத அந்த வெள்ளிக்கிழமைக்கும் தொழிலாளருக்கு ஊதியம் உண்டு என்று ஏற்பாடாயிற்று. 1752-இல் கேட்கப்பட்ட கேள்விதான் மீண்டும் கேட்கப்பட்டது: நாளை எடுத்துவிட்டால், நாட்கூலி யாருடையது?

இனி நம் அச்சத்துக்கு வருவோம். இந்திய அரசுக்கு நாட்காட்டி இரண்டு. நாடெங்கும் ஏறத்தாழ முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் வழங்குவதைக் கண்டு, 1952-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. மேகநாத சாஹா என்னும் விஞ்ஞானி அதன் தலைவர். அக்குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல், சக ஆண்டை ஒட்டிய தேசிய நாட்காட்டி ஆங்கிலத் தேதியோடு அரசு ஏடுகளில் இடம்பெற்று வருகிறது. சைத்திரம் முதல் நாள் சாதாரண ஆண்டில் மார்ச் 22. லீப் வருஷத்தில் மார்ச் 21. வைசாகம் முதற்கொண்டு வேற்றுமை மறைந்துவிடும். சைத்திரத்தில் வழுக்கும் படி இது.

2016-இல் அந்தப் படியில் நாம் வழுக்கினோம். இந்தியில் வந்த ஓர் உதவித்தொகை அறிவிப்பில், விண்ணப்பம் சேர வேண்டிய கடைசி நாள் சைத்திரம் 11 என்று மட்டும் இருந்தது. முந்திய ஆண்டின் அட்டவணை கையருகே கிடந்தது. அதைப் பார்த்து ஏப்ரல் 1 என்று தமிழில் எழுதிவிட்டோம். அது லீப் வருஷம். சரியான தேதி மார்ச் 31.

ஏப்ரல் 1-ஆம் தேதி காலையில் ஒரு தகப்பனார் மகளின் விண்ணப்பத்தோடு அந்த அலுவலகத்துக்குச் சென்றிருக்கிறார். நேற்றோடு முடிந்துவிட்டது என்றார்கள். அவர் நகராமல் நின்று, மடித்து வைத்திருந்த தமிழ் அறிவிப்பை விரித்துக் காட்டினார். செய்தி சுற்றிச் சுற்றி நம்மிடம் வந்தது. பிழை எம்முடையதே என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அந்த விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று முதல் நம் மேசைக் கண்ணாடியின் அடியில், லீப் வருஷத்துச் சைத்திரத்தைக் குறித்த சீட்டு ஒன்று கிடக்கிறது. நம்முடைய ஏப்ரல் 1-ஐ நம்பி வந்து, அறிவிப்பைக் காட்டி வழக்காடத் துணியாமல் படியிறங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ, அந்த அலுவலகத்தின் வருகைப் பதிவில் அவர்கள் பெயர் இல்லை.