காட்டின் கூரையிலிருந்து அடிமண் வரை

ஒரு காட்டில் எந்தச் செடி எங்கே நிற்கும் என்பதை மழையும் வெயிலும் மட்டும் தீர்மானிப்பதில்லை. அடியில் கிடக்கும் பாறைக்கும் படிவுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. இது நமக்குப் புதிய செய்தி அல்ல. கரிசல் என்றால் பருத்தி, தேரி மணல் என்றால் பனை என்று மண்ணைப் பார்த்ததும் சொல்லிவிடும் உழவர்கள் உள்ள நாடு இது. மண்ணைப் பார்க்கவே முடியாத இடத்தில் என்ன செய்வது? தென் அமெரிக்காவின் அமேசான் தாழ்நிலக் காடு அப்படிப்பட்ட இடம். ஆற்றங்கரைச் சரிவிலும், சாலைக்காக வெட்டிய மேட்டிலும்தான் அடிப்படிவு தலைகாட்டும். மற்றபடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மரத்தழைதான். அந்தத் தழைக்குக் கீழிருக்கும் நிலவியலைச் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கும். செடிகளின் பரவலை வகுப்பது அந்த நிலவியல்தான். அதைக் கணக்கில் கொள்ளாமல் காட்டைக் காக்கத் திட்டமிடுவது பிழை. இந்தப் பொழிவில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

அமேசானை நெடுங்காலம் ஒரே பச்சைக் கடலாகப் பார்த்துப் பழகிவிட்டார்கள். வெள்ளம் ஏறும் காடு ஒரு வகை, வெண்மணல் காடு இன்னொரு வகை. எஞ்சிய மேட்டுக்காடெல்லாம் ஒன்று என்பதே பொதுவான வகைப்பாடாக இருந்தது. அந்த ‘எஞ்சியது’தான் காட்டின் பெரும்பகுதி. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்னா துவோமிஸ்தோவும் அவர் குழுவினரும் 1995-ல் ‘சயின்ஸ்’ இதழில் இந்தப் பார்வையை மறுத்து எழுதினார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களையும் களத்தில் எடுத்த செடிக் கணக்கையும் ஒப்பிட்டு, பெரு நாட்டின் தாழ்நில அமேசானில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வாழிட வகைகள் உண்டு என்ற முடிவுக்கு வந்தார்கள். பலர் அதை நம்பத் தயங்கினார்கள். தயக்கத்தில் நியாயமும் இருந்தது: வானிலிருந்து தெரியும் நிற வேறுபாடு உண்மையில் எதன் வேறுபாடு என்பதற்கு அன்று போதிய விடை இல்லை.

விடைக்கு அருகே நம்மைக் கொண்டுபோனது, மார்க் ஹிக்கின்ஸும் துவோமிஸ்தோ, ரூகோலைனன் முதலியோரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் எடுத்துக்கொண்டது வடக்குப் பெரு. கருவிகள் இரண்டு. ஒன்று லேண்ட்சாட். முப்பது மீட்டர்ச் சதுரம் ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பிவரும் ஒளியை, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு அலைகளிலும் சேர்த்து அது பதிவு செய்கிறது. இலையின் தடிப்பு, அதிலுள்ள நீர், தழை அடுக்கியிருக்கும் விதம் ஆகியவை மாறினால் அந்த ஒளியும் மாறும். மற்றொன்று, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினொரு நாள் சுற்றி ரேடார் மூலம் எடுத்த நில உயர வரைபடம். ரேடாருக்கு மேகம் தடையில்லை. அமேசான் போன்ற இடத்தில் இது பெரிய வசதி. இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில், முந்நூறு கிலோமீட்டருக்கும் நீளமான ஓர் எல்லைக்கோடு தென்பட்டது. கோட்டின் ஒருபுறம் உயர்ந்த மேட்டுநிலத்தின் எச்சம்; மறுபுறம் ஆறுகள் அரித்துத் தாழ்த்திய நிலம்.

அந்தக் கோட்டின் கதை மயோசீன் காலத்தில் தொடங்குகிறது. ஏறத்தாழ இரண்டு கோடியே முப்பது லட்சம் ஆண்டுகளுக்கும் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில் மேற்கு அமேசான் ஏரியும் சதுப்புமான ஒரு மாபெரும் நீர்நிலமாகக் கிடந்தது. உயர்ந்துகொண்டிருந்த ஆண்டீஸ் மலையிலிருந்து வந்த வண்டல் அதில் படிந்தது. பெபாஸ் என்ற ஆற்றங்கரை ஊரின் பெயரால் பெபாஸ் படிவு என்று வழங்குவது இதுதான். புதிதாக வெட்டிய இடத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண். உள்ளே சிப்பி, நத்தை ஓடுகள். கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் முதலிய செடிச் சத்துகள் அதில் மிகுதி. பிற்காலத்து ஆறுகள் இதன்மேல் கொண்டுவந்து கொட்டிய மணற்பாங்கான படிவுக்கு நவுத்தா என்று பெயர். அது சத்துக் குறைந்தது. இந்தச் சத்தில்லா மேற்போர்வையை ஆறுகள் அரித்து எடுத்த இடங்களில் பழைய சத்துள்ள களி வெளியே வந்தது. ஆக, அந்த எல்லைக்கோடு போர்வை கிழிந்த இடத்தின் விளிம்பு.

படத்தில் கோடு தெரிந்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை என்பதே இந்த ஆய்வை நான் மதிப்பதற்கு முதற்காரணம். சாலை வழியாகவும் ஆற்று வழியாகவும் 450 கிலோமீட்டருக்கு மேல் சென்று 138 இடங்களில் செடிகளைக் கணக்கெடுத்தார்கள். மண்ணையும் எடுத்துச் சோதித்தார்கள். துர்க்கு குழுவினர் வழக்கமாகக் கணக்கெடுக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். காட்டுக்குள் ஐந்து மீட்டர் அகலம், ஐந்நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு கீற்று. அதில் உள்ள பெரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமான ஒரு பச்சை இலையாவது இருந்தால்தான் அது கணக்கில் சேரும். மரத்தில் தொற்றி வளர்வதென்றால், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்குள் இலை இருக்க வேண்டும். மரங்களை விட்டுவிட்டுப் பெரணிகளைத் தேர்ந்தது, ஏறாமலும் வெட்டாமலும் கைக்கெட்டும் உயரத்திலேயே இனம் காணலாம் என்பதால். கூடவே மெலாஸ்டொமேட்டேசி குடும்பத்துச் செடிகளையும் எண்ணுவார்கள். நம் காயாவையும் பலர் இந்தக் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். கிடைத்த விடை இது: கோட்டின் இருபுறத்து மண்ணுக்கும் இடையே சத்தின் அளவில் பதினைந்து மடங்கு வேறுபாடு, செடி இனங்களின் கூட்டமோ அநேகமாக முழுவதும் மாறிவிடுகிறது.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழ வேண்டும். செயற்கைக்கோள் பார்த்தது பாறையை அல்ல, இலையை. இலையைப் பார்த்துக் கோடு போட்டுவிட்டு, அதன் இருபுறமும் செடி வேறுபடுகிறது என்று சொல்வது, கேள்வியையே விடையாகத் திருப்பிச் சொல்வது ஆகாதா? இந்த மறுப்புக்கான பதில் பெரணியிடம் இருக்கிறது. பெரணி மரநிழலில் வளர்வது. கீற்றுக்குள் எண்ணப்பட்ட பெரணிகளில் ஒன்றுகூட லேண்ட்சாட்டின் கண்ணில் படும் உயரத்தில் இல்லை. மேலே மரத்தழை மாறும் அதே இடத்தில், லேண்ட்சாட்டால் பார்க்கப்படாத பெரணியும் மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் தனியே சோதித்த மண்ணும் மாறுகிறது. வேறு கருவி அளந்த நில உயரமும் மாறுகிறது. ஒன்றையொன்று சாராத நான்கு சாட்சிகள் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. இதைவிட வலுவான சான்று பின்னர் வந்தது. 2011 ஆய்விலேயே, இதே போன்ற எல்லை பிரேசிலின் மேற்கில் வடக்குத் தெற்காக 1500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதாகப் படங்களை மட்டும் கொண்டு முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள். 2016-ல் வெளிவந்த துவோமிஸ்தோ குழுவின் கட்டுரை, ஜுருவா ஆற்றை ஒட்டிய காட்டில் அந்த எல்லையின் இருபுறமும் நடந்து எண்ணிய கணக்கைத் தந்தது. பெரணிகளும் பனைக் குடும்பத்து இனங்களும் உட்பட, செடிக்கூட்டம் அந்த இடத்தில் திடீரென மாறியது. முன்கூட்டிச் சொன்னது களத்தில் பலித்துவிட்டபின் சுற்றுவாதம் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

கருவியின் மீதான ஐயமும் உண்டு. லேண்ட்சாட் படத்தில் சூரியன் விழும் கோணமும் கருவி பார்க்கும் கோணமும் சேர்ந்து, படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மெல்ல வெளிச்சத்தை மாற்றிவிடும். பக்கத்துப் படங்களை ஒட்டும்போது இல்லாத எல்லை இருப்பதுபோல் தோன்றும். மெய்தான், அதைத் திருத்தும் கணக்குமுறைகள் இருக்கின்றன. ஆனாலும் ரேடார் படத்திலும் அதே கோடு தெரியாதவரை எந்தக் கோட்டையும் நம்பக்கூடாது என்பதே என் கருத்து.

மூன்றாவது மறுப்பு ஆழமானது. உடன் மாறுவதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது. விதை எட்டாத தூரம் என்பதாலேயே இரண்டு காடுகள் வேறுபடலாம் என்பது அது. எல்லா இனங்களும் சமத் திறனுடையவை என்று கொண்டு ஸ்டீபன் ஹப்பெல் 2001-ல் முன்வைத்த நடுநிலைக் கோட்பாடு இந்த வாதத்துக்கு வலுவூட்டியது. தூரத்துக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூரம் மட்டுமே காரணமென்றால் மாற்றம் படிப்படியாக வர வேண்டும். ஒரு விளிம்பைக் கடந்ததும் கூட்டமே மாறக்கூடாது. நேரடிச் சோதனையும் இருக்கிறது. பால் ஃபைனும் உடன் ஆய்வாளர்களும் 2004-ல் வெளியிட்டது அது. பெருவில் வெண்மணலுக்குரிய மரங்களையும் களிமண்ணுக்குரிய மரங்களையும், ஆறு பேரினங்களைச் சேர்ந்த இருபது இனங்களை, இடம் மாற்றி நட்டார்கள். சிலவற்றுக்கு வலை கட்டிப் பூச்சிகளைத் தடுத்தார்கள், சிலவற்றைத் திறந்துவிட்டார்கள். வலைக்குள் களிமண் மரக்கன்று வெண்மணலிலும் நன்றாகவே வளர்ந்தது. வலை இல்லாத இடத்தில் பூச்சி தின்று தீர்த்தது. வெண்மணல் மரமே தாக்குப்பிடித்தது. சத்தில்லா மண்ணில் இழந்த இலையை மீண்டும் துளிர்ப்பது செலவு மிகுந்த வேலை. ஆகவே அங்கே இலையைக் காத்துக்கொள்ளும் இனமே நிலைக்கிறது. மண் தனியாக நின்று மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, பூச்சியின் வாய் வழியாகத் தேர்ந்தெடுக்கிறது. இந்தச் சோதனை என் வாதத்தைச் சிக்கலாக்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பலப்படுத்துகிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இனி, இதனால் காடு காப்பதில் மாறுவது என்ன? காப்பகங்களின் பெருமையைப் பரப்பளவால் அளக்கும் பழக்கம் எங்கும் உள்ளது. நவுத்தா படிவின் மேலேயே பத்து லட்சம் எக்டேரைக் காத்தாலும், பெபாஸ் களியின் செடிக்கூட்டத்தில் பெரும்பகுதி வேலிக்கு வெளியே நின்றுவிடும். வேலிக்குள் இருக்கும் காடு வெளியே இருப்பதைப் போலவே பச்சையாகத் தெரியும் என்பதால் இழப்பு யார் கண்ணிலும் படாது. மாறாக, பெருவின் இக்கிடோஸ் நகரையொட்டிய அல்பவாயோ-மிஷானா தேசியக் காப்பகம் அமேசானின் அளவுக்குச் சிறியது. எனினும் வெண்மணல் உட்படப் பல மண்வகைகள் ஒரே எல்லைக்குள் வருவதால் அதன் மதிப்பு பெரிது. அங்குள்ள வெண்மணல் காட்டிலிருந்து 2005-ல்கூட ஒரு புதிய பறவையினம் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று.

இந்தியாவுக்கும் இதில் வேலை இருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார் செயற்கைக்கோள் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே நிலத்தின் மேல் வருகிறது. அதன் நீண்ட ரேடார் அலை தழையை ஊடுருவிக் கிளையையும் அடிமரத்தையும் தொடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் படத்தில் இப்படி ஒரு கோடு தென்படுமானால், அதன் இருபுறமும் ஐந்து மீட்டர் அகலக் கீற்றில் குனிந்து நடந்து, இது இன்ன பெரணி, இது இன்ன காயா என்று தயங்காமல் சொல்லக்கூடியவர்கள் வேண்டும். நம் கல்லூரிகளில் செடிகளை இனம் காணக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடங்களை நிரப்ப வேண்டும்.