துணை செய்வோர்க்குத் துணை
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் நின்று பேசிய இம்மேடையில் இரயில்வே எழுத்தராகிய என்னையும் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும் கட்டணச் சலுகைக்குரிய விண்ணப்பங்கள் பல ஆண்டுகளாக என் மேசை வழியே சென்று வருகின்றன. அக்காகிதங்களின் பின்னே நிற்கும் குடும்பங்களை ஓரளவு அறிவேன். அந்த உரிமையைக் கொண்டே முதியோர், மாற்றுத் திறனாளிகள், அவர்களை இல்லத்திலிருந்து பேணுவோர் ஆகிய மூவரையும் பற்றிச் சில சொல்ல முன்வந்தேன்.

எங்கள் இலாகாவின் விதியொன்றை முதற்கண் கூறுகிறேன். பார்வை முற்றும் இழந்தோர், துணையின்றிப் பயணம் செய்ய இயலாத உடற்குறை உடையோர், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர் ஆகியோர்க்குச் சாதாரண விரைவு வண்டிகளின் இரண்டாம் வகுப்பிலும், படுக்கைப் பெட்டியிலும், மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் கட்டணத்தில் நூற்றுக்கு 75 பங்கு தள்ளுபடி உண்டு. உடன் செல்லும் துணைவர் ஒருவருக்கும் அதே தள்ளுபடி உண்டு. கேள்வியும் பேச்சும் அற்றோர்க்குத் தள்ளுபடி 50 பங்கு. அவர்களுடன் செல்லும் துணைவர் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. முதியோர்க்கு இருந்த சலுகையோ 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதைக் கேட்டு இன்றும் பெரியவர்கள் வருகிறார்கள். இல்லையென்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பது எளிதன்று.

இவ்விதியில் துணைவர் என்ற சொல்லைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். தனியே செல்ல முடியாதவருக்குச் சீட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது, அவரைக் கைப்பிடித்து ஏற்றுபவருக்கும் கொடுக்க வேண்டும் என்று விதியை எழுதியவர் உணர்ந்திருக்கிறார். வண்டியில் கிடைக்கும் இம்மதிப்பு இல்லத்தில் துணைவருக்குக் கிடைப்பதில்லை. நோயாளியின் நலத்தை எல்லோரும் விசாரிக்கிறோம். அவரை இரவில் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கும் மருமகளின் நலத்தை யாரும் விசாரிப்பதில்லை.

இங்கு நாகபுரியில் நம் குடியிருப்புகளில் காண்பதையே சொல்கிறேன். இரண்டு அறைகள் கொண்ட வீடு. மகனுக்கு வாரத்தில் பாதி நாள் இரவு டூட்டி. தாயார் பாரிசவாயுவால் படுக்கையில். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் அவ்வீட்டில் நடமாடுபவர் மருமகள் ஒருவரே. ஊரில் இருந்திருந்தால் நாத்தனார் ஒரு வேளை வந்திருப்பார், பக்கத்துத் தெருச் சித்தி ஒரு வேளை வந்திருப்பார். இங்கோ பலசரக்குக் கடைக்குச் செல்லவும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் செல்ல வேண்டும். உள்ளே ஒருவர் படுத்திருக்க, வெளியே பூட்டுப் போட்டுவிட்டு ஓடிச் சென்று ஓடி வருகின்ற அம்மையார்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

மற்றொன்று, வெளிமாநிலத் தமிழர்க்கே உரியது. மறதி நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி முன்னதாக நழுவிவிடுவதைப் பலரிடம் காண்கிறோம். முப்பதாண்டுகள் இந்தியில் உத்தியோகம் பார்த்தவர், இப்பொழுது தாகத்திற்குத் தண்ணீர் என்று மட்டுமே கேட்கிறார். பானி என்றால் விழிக்கிறார். சம்பளத்துக்கு அமர்த்திய பணிப்பெண்ணுக்கோ தமிழ் தெரியாது. அவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து தமிழில் பேசுவதற்கு மருத்துவப் படிப்பு வேண்டுவதில்லை. இந்நகரில் அவ்வுதவியைச் செய்ய நம்மைவிட்டால் வேறு யார் வருவர்?

சட்டங்கள் செய்திருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றுள்ளது. நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்றோர்க்கு, அரசு வேலைகளில் 4 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிட்டு ஜீவனாம்சம் பெறலாம். நம்மவர் எவரும் அந்தப் படி ஏறும் நிலை வராதிருக்கட்டும். முதியோர்க்கென 14567 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இயங்குகிறது.

அறிவு வளர்ச்சி குன்றிய மக்களைப் பெற்றவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்களுக்குப் பின் இவனுக்கு யார்? 1999-இல் பாராளுமன்றம் இதற்கெனவே தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது. பதினெட்டு வயது கடந்தவருக்கும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலுள்ள குழுவின் மூலம், சட்டப்படியான காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். அதன் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கிறது. இச்செய்தியே பல பெற்றோரை எட்டவில்லை. படிவங்களை நிரப்பித் தருவது சங்கம் செய்யக்கூடிய பணி. படிவம் நிரப்பும் குமாஸ்தாக்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை!

தருமப் பணியில் பெயர் பெற்ற நிலையங்கள் பல. ஜெய்ப்பூரில் 1975-இல் தோன்றிய பகவான் மகாவீர் சமிதி, காலிழந்தோர்க்கு விலையின்றிச் செயற்கைக் கால் பொருத்தி அனுப்புகிறது. நம் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழ் உடல் செயலற்றுப் போன ஓர் இளைஞர் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று பெருநிலையமாக வளர்ந்துள்ளது. திரு. எஸ். இராமகிருஷ்ணன் என்ற அப்பெரியாரின் பெயரைத் தாங்கள் கேட்டிருக்கலாம்.

எனினும், நமக்கு வழிகாட்டி அண்டை நாடான கேரளமே என்பேன். 1993-இல் கோழிக்கோட்டு மருத்துவர் சிலர், தீரா நோயாளரின் வலி தணிக்க ஒரு கழகம் அமைத்தனர். மருத்துவமனைக்கு வர இயலாதவரே மிகுதி என்பதைக் கண்டபின், பணி வீடுகளை நோக்கித் திரும்பியது. மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களே அதனை ஏற்றனர். வாரம் இரண்டு மணி நேரமேனும் தர இசைந்தோரைச் சேர்த்து, 16 மணி நேரம் பாடம் சொல்லி, நான்கு நாள் நோயாளரிடையே பழக்கி அனுப்பினர். பெருந்தனவந்தர் ஒருவரின் கொடையை நம்பாமல், ஊரார் போடும் சிறு காசுகளாலேயே பெரும்பாலும் செலவை நடத்தினர். 2008-இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. முதலில் மக்கள் செய்தார்கள், பின்னர் அரசு வந்தது என்பதே எனக்கு இதில் பிடித்த செய்தி.

நாம் முதியோர் இல்லம் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டடம் என்றால் கமிட்டி, கமிட்டி என்றால் சச்சரவு. வாரத்தில் இரண்டு மணி நேரம், இரண்டிரண்டு பேராகச் செல்வோம். பெண்கள் உள்ள வீட்டுக்குப் பெண்களே செல்லட்டும். எந்நாள் வசதி என்று அவ்வில்லத்து அம்மையாரையே கேட்போம். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், அல்லது மற்ற அறையில் படுத்து உறங்கலாம். ஊசி போடுவதும் மருந்தை மாற்றுவதும் நம் வேலையன்று. ஒரு வீட்டில் கண்டதை மறுவீட்டில் பேசுவதும் கூடவே கூடாது. இது ஒன்று தவறினால் அடுத்த வாரம் எந்தக் கதவும் நமக்குத் திறக்காது. ஏனெனில், பிறர் வந்து பார்த்துவிடுவரே என்ற கூச்சத்தாலேயே பல வீடுகள் உதவி கேட்பதில்லை.

சங்கத்தின் சாமான் அறையில், ஆர்மோனியத்தின் பக்கத்தில், இரண்டு சக்கர நாற்காலிகள், படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்றுப் படுக்கை ஒன்று, நடைச் சட்டம் இரண்டு வாங்கி வைப்போம். வேண்டுவோர் கையொப்பமிட்டு எடுத்துச் சென்று, தேவை தீர்ந்ததும் திருப்பித் தரட்டும். மலருக்கு விளம்பரம் சேர்ப்பதில் நாம் காட்டும் ஊக்கத்தில் காற்பங்கு காட்டினால் இதற்குப் பணம் வந்துவிடும்.

ஓய்வு பெற்ற அங்கத்தினர்களையும் மறத்தலாகாது. ஓய்வு பெற்ற சில மாதங்களில் இரயில்வே வீட்டைக் காலி செய்து, நகரின் ஏதோ ஒரு கோடியில் வாடகைக்குக் குடியேறிவிடுகிறார்கள். இச்சங்கத்துக்கு முதல் நாற்காலி வாங்கித் தந்தவர்களில் இருவரது விலாசம் இன்று நம் கையில் இல்லை. அவ்விலாசங்களைத் தேடிப் பிடிப்பதையே முதல் வேலையாகக் கொள்வோம்.

நூலக மேசையின்மீது ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். உதவி செய்ய விரும்புவோர் முன்பக்கத்தில் பெயரும் ஓய்வான நாளும் எழுதுக. உதவி வேண்டுவோர் அதில் எழுத வேண்டியதில்லை. காரியதரிசி அவர்களிடமோ என்னிடமோ தனியே சொன்னால் போதும். இதுவரை ஒன்பது பெயர்கள் வந்துள்ளன. செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாட்களுக்கு இன்னும் ஆள் இல்லை.